சூளைக்கல்லும் புல்லட்டும்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து உத்தரத்தில் ஒரு ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. ஊஞ்சல் ஆடியது என்னவோ இரண்டு வருஷம்தான். பிறகு பிள்ளைகளுக்கு அதில் தூளி கட்டினோம். மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கயிறு கட்டினோம். போன மாதம் என் மகள் அதே கொக்கியில் கயிறு போட்டு மோட்டார் சைக்கிளைக் கட்டி நிறுத்தினாள். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமாம்.

"என்னம்மா இப்படி வேர்த்து விறுவிறுத்து நிக்கிறே?" என்றாள்.

வேர்க்காமல் என்ன செய்யும்? 1988 ஐப்பசியில் இதே தாழ்வாரம், இதே வண்டி. அவள் அப்போது ஆறு மாதக் குழந்தை.

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில் ஜங்ஷனும் ஞாபகம் வரும். எங்களுக்குப் பீங்கான்தான் சோறு போட்டது. தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, சின்னச் சின்ன பொம்மை, கரண்ட் பெட்டியில் போடுகிற ஃப்யூஸ் கேரியர் என்று எத்தனையோ செய்வார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பட்டறையில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணமான புதிதில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் தீட்டியவள்.

வண்டி புல்லட். மெட்ராஸில் 1955-லிருந்து செய்த வண்டி. முதலில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் என்று வந்ததாம். 160 கிலோவுக்குக் குறையாது. இரண்டாம் கையாக வாங்கியது. இரண்டு சக்கரமும் கோணலாக ஓடிற்று. பெண்டு எடுப்பவர், "வண்டி வேண்டாம் சார், சக்கரத்தை மட்டும் கழட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கழற்றிக் கொடுக்க மெக்கானிக்குக்குத் தனியாகக் கூலி. எங்கள் வீட்டுக்காரருக்கு அது பொறுக்குமா?

"இதுக்கெல்லாம் ஆள் எதுக்கு?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தார்.

நடு ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். முன் சக்கரம் தூக்க வேண்டுமானால் எஞ்சினுக்கு அடியில் எதையாவது முட்டுக் கொடுக்க வேண்டும். பட்டறையில் சூளை பிரித்துக் கட்டியபோது மிஞ்சிய கற்கள் வீட்டில் கிடந்தன. லேசான வெள்ளைக் கற்கள். அதில் மூன்றை அடுக்கி முட்டுக் கொடுத்தார். முன் சக்கரம் நன்றாகவே கழன்று வந்துவிட்டது. எனக்குக்கூட, பரவாயில்லையே, மனுஷர் கெட்டிக்காரர் என்று தோன்றிற்று.

பின் சக்கரத்து நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பானரை மாட்டி, கையால் முடியாமல், காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அவ்வளவுதான். டப்பென்று ஒரு சத்தம். நடுக்கல் இரண்டாகப் பிளந்தது. வண்டியின் மூக்கு தரையில் குத்தி, நடு ஸ்டாண்டு மடங்கி, முழு வண்டியும் அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்து அவருடைய வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. மறுபக்கம் நான்கடி தள்ளித் தூளியில் குழந்தை.

டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. உள்ளே மாமியார் ஸ்டவ்வில் உலை வைத்திருக்கிறார். "அத்தை, ஸ்டவ்வை அணைங்க! குழந்தையைத் தூக்கிட்டு வாசலுக்குப் போங்க!" என்று கத்தினேன். அந்தப் புத்தி எப்படி வந்ததோ. ஆனால் அடுத்துச் செய்ததற்குப் புத்தி வரவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து, முதுகை வளைத்து ஒரே தூக்காகத் தூக்கினேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். எனக்கு அடிவயிற்றில் ஏதோ 'சுளுக்'கென்றது.

பாதம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி தைலத்தோடு வந்தார். நல்லவேளை, தேய்க்கவிடவில்லை. நசுங்கின இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற முறிவு அதிகமாகும். பாதத்தைத் தலையணைமேல் உயர்த்தி, துணி சுற்றிய ஐஸை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு மும்முரமாக வேகும் காலம் அது. அந்த வருஷம் சம்பளத்துக்குப் பதில் என் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

அவர் கால் எல்லோருக்கும் தெரிந்தது. என் வலி யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. 'புருஷன் காலொடிந்து கிடக்கிறான், இவளுக்கு இடுப்பு வலியாம்' என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்ற பயம். நடந்தால் அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி கனம். தும்மினால் புடவை நனையும். இரண்டு வருஷம் மூடி மூடி வைத்து, கடைசியில் லேடி டாக்டரிடம் போனபோது, கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். பிரசவத்தில் தளர்ந்த தசைகள் சரியாக இறுகுவதற்குள் கனம் தூக்கினால் இப்படி ஆகலாமாம். நல்லவேளை, ஆரம்ப நிலை. ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சிறுநீரை அடக்குகிற மாதிரி அந்தத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் இதைச் செய்து பழகக்கூடாது. மூன்று மாதத்தில் தும்மலுக்குப் பயப்படுவது நின்றது. இந்த வயதிலும் காய் நறுக்கும்போது செய்துகொண்டுதான் இருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கல் ஏன் உடைந்தது என்று அவரிடம் கேட்டேன். சூளையோடு பழகியவர், அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு தாங்கும். உள்ளே பஞ்சு மாதிரி துளைகள் இருப்பதால்தான் லேசாக இருக்கிறது, சூட்டையும் வெளியே விடாமல் காக்கிறது. ஆனால் ஒரே முனையில் பாரம் விழுந்து, அதன்மேல் அதிர்ச்சியும் சேர்ந்தால் பொட்டென்று போய்விடும். மரமாக இருந்தால் நசுங்கும், நாரு நாராகக் கிழியும், நாம் காலை எடுத்துக்கொள்ள நேரம் கொடுக்கும்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண் அல்லவா என் மகள்! பரணில் கிடந்த பழைய புல்லட்டைத் தூசி தட்டி ஓட்டுவதே அவள்தான். (பரண் என்றா எழுதிவிட்டேன், கொட்டகை!) இரண்டு டயரும் மாற்ற வேண்டுமென்று, அன்றைக்கு அவள் செய்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குழந்தைகளை மாடிக்கு அனுப்பினாள். பெட்ரோல் குழாயை மூடினாள். சக்கரம் இரண்டும் தரையில் இருக்கும்போதே இறுகிய நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டாள். ஓங்கி மிதிக்கிற வேலையெல்லாம் அதோடு முடிந்தது. நடு ஸ்டாண்டு போட வண்டியைக் கையால் இழுக்கவில்லை. ஸ்டாண்டின்மேல் காலை வைத்து உடம்பு பாரத்தைக் கீழே அழுத்தினாள், வண்டி தானாக ஏறிக்கொண்டது. ஸ்டாண்டு மடங்காமல் அதை முன்பக்கத்துச் சட்டத்தோடு கயிற்றால் கட்டினாள். மரவாடியில் அறுத்து வாங்கிய அகலமான கட்டைகளை எஞ்சினுக்கு அடியில் கொடுத்தாள். கடைசியாகத்தான் கொக்கிக் கயிறு.

"அந்தக் கொக்கி வண்டியைத் தூக்குமாடி?"

"தூக்க இல்லைம்மா. சாயாம பிடிச்சுக்க. பின் சக்கரத்தை வெளியே எடுக்கும்போது வண்டியைக் கொஞ்சம் சாய்க்கணும் இல்லே, அப்பத்தான் ஆபத்து."

"இதைத்தான் அன்னிக்கு உங்கப்பா செஞ்சிருக்கணும்."

நாற்காலியில் இருந்தவர் பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. "அன்னிக்குக் கொக்கியிலே நீ தூளி கட்டியிருந்தே" என்றார்.

முன் சக்கரம் கழன்று வந்ததும் மகள் அதை உருட்டி என்னிடம் கொடுத்தாள். நான் சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். ஸ்பானரால் நட்டைத் திருப்புகிற சத்தம் கேட்டபோது, அவர் வலது காலை மட்டும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன்.