நடிப்பு என்று நினைத்தேன்



நேற்று என் பேத்தி அடிவயிற்றில் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "விலக்கா கண்ணு?" என்றேன். "இல்ல ஆச்சி, அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. முட்டை வெளியே வர்ற சமயம் சில மாசம் இப்படி வலிக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படித்தான் நின்றாள். "விலக்கா?" என்று காதோடு கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அப்போ கணக்குப் பரீட்சைதான் வயித்துவலி!" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் அழுதுகொண்டே எழுதினாள்.

இத்தனைக்கும் எனக்கும் அந்த வலி வந்ததுண்டு. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தவள் நான்.

அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு சூலகத்திலிருந்து முட்டை வெளிவரும். அப்போது கசியும் நீரோ ரத்தமோ வயிற்றின் உள்சவ்வை உறுத்தலாம். வலி ஒரு பக்கம்தான் இருக்கும். சில நிமிஷத்திலும் போகும், ஓரிரு நாளும் நீடிக்கும். ஜெர்மன் மொழியில் இதை 'நடுவலி' என்ற பொருளில் 'மிட்டல்ஷ்மெர்ஸ்' என்பார்கள். வெந்நீர்ப் பை ஒத்தடம் இதமாக இருக்கும்.

ஆனால் தாங்க முடியாத வலி, காய்ச்சல், வாந்தி, மயக்கம் இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். வலப்பக்க வலி குடல்வாலாகவும் இருக்கலாம்.

டீச்சராக இருக்கும் என் பிள்ளைகளே, விலக்கு இல்லை என்றாலும் வலி உண்மையாக இருக்கும். நம்புங்கள்.

அன்று அழுத பிள்ளை இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடும்மா.