ஏழு மணி கரண்ட் என்ன விலை?

கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவீர்கள். 'காலையில நாப்பது, கடை கட்டற நேரத்துல முப்பது' என்று நேர வித்தியாசத்தோடு சொல்லக்கூடிய மாமிகள் எங்கள் சிதம்பரத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. சரி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு யூனிட் கரண்ட் என்ன விலை?

முழிக்கிறீர்கள் அல்லவா? தப்பில்லை. நம் வீட்டு மீட்டருக்கே அது தெரியாது. பகல் ஒரு மணி யூனிட்டும் ராத்திரி ஏழு மணி யூனிட்டும் அதற்கு ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கூட்டி, இலவச யூனிட்டைக் கழித்து, மீதியைக் கட்டச் சொல்வார்கள். நாமும் பெருமூச்சு விட்டபடி கட்டிவிட்டு வருவோம். கதை முடிந்தது.

ஆனால் மொத்த வியாபாரத்தில் அப்படி இல்லை. அங்கே கரண்டுக்கு ஒரு நாளைக்கு 96 விலை. கால் மணிக்கு ஒன்று!

இதைச் சொன்னதும் என் அத்தை, "கரண்டை ஏலம் போடறாங்களா? யாருகிட்டடா கதை விடறே?" என்றார். கதையில்லை. 2008 ஜூனில் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் தொடங்கியதிலிருந்து தினமும் நடக்கிறது. நாளைக்கு எந்தக் கால் மணியில் எவ்வளவு வேண்டும், என்ன விலை வரை தருவேன் என்று மின்வாரியங்களும் பெரிய ஆலைகளும் இன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தருவேன், என்ன விலைக்குக் கீழே தரமாட்டேன் என்று மின்நிலையங்கள் எழுதிக் கொடுக்கும். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்க்கும்.

ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது கடலூர் முதுநகர் மீன் ஏலம்தான். விடிவதற்குள் துறைமுகத்தில் போய் நின்றால் காது கிழியும். வஞ்சிரம் ஒரு கூடை ஒரு விலைக்குப் போகும். அடுத்த கூடை வேறு விலைக்குப் போகும். யார் குரல் பெரிசோ அவர் கூடை.

கரண்ட் ஏலத்தில் சத்தமே கிடையாது. யார் என்ன கேட்டார்கள் என்று பக்கத்து ஆளுக்குத் தெரியாது. இன்னொரு வினோதமும் உண்டு. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் 2 ரூபாய்க்குத் தரத் தயார், இன்னொருவர் 4 ரூபாய்க்கு, மூன்றாமவர் 9 ரூபாய்க்கு. தேவை மூன்றாமவர் வரைக்கும் போய்விட்டால் மூன்று பேருக்குமே 9 ரூபாய்! கடைசியாக வந்த விலையுயர்ந்த யூனிட் எதுவோ அதுதான் எல்லோருக்கும் விலை. இரண்டு ரூபாய்க்காரர் வேண்டாமென்று சொல்வாரா என்ன? சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

நாட்டில் ஓடும் மொத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சந்தைக்கு வருவதில்லை. பெரும்பகுதி பல வருஷ ஒப்பந்தத்தில் போய்விடும். நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். "நம்ம மாவட்டத்துலேயே கரண்ட் செய்யறான், நமக்கு இல்லையாம்!" என்று கடலூர் பஸ்ஸில் எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். நெய்வேலியில் பிறக்கிற மின்சாரத்தில் கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரிக்கும் பாகம் உண்டு. விலையை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இலை போட்டாயிற்று. சந்தையில் நடப்பதெல்லாம் இலை கிடைக்காமல் வாசலில் நிற்பவர்களின் போராட்டம். ஆனால் பசி என்று வந்துவிட்டால் அந்த வாசல் விலைதான் ஊரைக் கலக்கும்.

அப்படிக் கலக்கிய வருஷம் 2012.

அப்போது நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். அப்பா சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் மாவு மில் வைத்திருந்தார். வகுப்பில் வாத்தியார் போர்டில் இரண்டு கோடு கிழித்து, "சப்ளையும் டிமாண்டும் வெட்டிக்கிற இடம்தான்யா விலை" என்பார். வீட்டுக்கு வந்தால் எங்கள் மில் வாசலில் டிமாண்ட் தூக்குவாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருக்கும். சப்ளைதான் வந்து வெட்டிக்கொள்ளவில்லை!

2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூரை உருட்டிப் போட்டதில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்தி முடித்தால் கம்பம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, கரண்ட் இல்லை. தமிழ்நாடு முழுக்கத் தட்டுப்பாடு. சென்னை தவிர்த்த மாவட்டங்களில் பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வெட்டு. மிளகாய் அரைக்கக் கொடுத்தவர்கள் பாதியில் மோட்டார் நின்று, பாதித் தூளும் பாதி மிளகாயுமாக வாங்கிப் போனார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அப்பா எழுந்து போய் ஓட்டுவார். 'இந்த மனுஷனுக்குப் பேய் பிடிச்சிருக்கு' என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இல்லை, சரி. வடக்கே இருந்ததே, வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அப்போது வடக்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்கு எல்லாம் ஒரே மின்தொகுப்பாகச் சேர்ந்துவிட்டிருந்தன. தெற்கு மட்டும் தனிக்குடித்தனம். நடுவே சில லைன்கள் உண்டு. ஆனால் அவற்றின் கொள்ளளவு கொஞ்சம். ஆகவே சந்தையே இரண்டாகப் பிளந்துவிடும். அங்கே ஒரு விலை. தமிழ்நாடும் கேரளமும் இருந்த தென்கோடிப் பகுதியில் பல நாட்கள் அதைப்போல இரண்டு மடங்கு. சரக்கு இருக்கிறது, பணமும் இருக்கிறது, பாலம் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் கத்தரிக்காய் கிலோ அஞ்சு ரூபாய்க்கு விற்றால் பரிசல் கிடைக்காத சிதம்பரத்துக்காரருக்கு என்ன லாபம்?

ஒரு தமாஷும் நடந்தது. 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வடநாட்டில் மின்தொகுப்பு சரிந்து கோடிக்கணக்கானவர்கள் இருட்டில் கிடந்தார்கள். ரயில் நின்றது, டெல்லி மெட்ரோ நின்றது. தனிக்குடித்தனம் இருந்ததால் தெற்கு தப்பித்தது. அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "டேய் தம்பி, அவங்களுக்கும் போயிடுச்சாம்டா!" என்றார். குரலில் லேசாக ஒரு திருப்தி. நமக்கு ஆபத்து வராத காரணமும், நமக்குச் சரக்கு வராத காரணமும் ஒன்றேதான் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் உயிர் பெற்றது. கர்நாடகத்தையும் மகாராஷ்டிரத்தையும் இணைத்த அந்தக் கம்பி வழியாகத் தெற்கு, மற்ற இந்தியாவோடு சேர்ந்தது. மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. புது மின்நிலையங்களும் இன்னும் பல லைன்களும் வந்து சேர, விலை வித்தியாசம் படிப்படியாகக் குறைந்தது. வெட்டு நேரமும் குறைந்தது.

அப்பா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். "வாடகை வெளிச்சத்துக்காகக் காத்திருக்குமாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது சந்தையின் குணமே மாறிவிட்டது. அன்று விலையை நிர்ணயித்தது வழி. இன்று நிர்ணயிப்பது நேரம். பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, விலை இறங்குகிறது. ஆறு மணிக்குச் சூரியன் ஷிஃப்ட் முடிந்து போய்விடுவார். அதே நேரத்தில் நாம் விளக்கு, ஃபேன், டி.வி., ஏ.சி. என்று ஒன்று விடாமல் போடுவோம். விலை மேலே தாவும். 2022 மார்ச்சில் வெயிலும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டு யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஆணையம் அந்த ஏப்ரலில் உச்சவரம்பை 12 ரூபாய் ஆக்கியது, அடுத்த ஏப்ரலில் 10. இன்னொரு பக்கம், 2025 மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் உடனடிச் சந்தையில் விலை கிட்டத்தட்ட பூஜ்யம்! வெயில் இருந்தது, வாங்க ஆளில்லை. தமிழ்நாட்டின் தேவையோ 2024 மே மாதத்தில் 20,800 மெகாவாட்டைத் தாண்டியது.

மீன் மலிந்தால் முதுநகரில் என்ன செய்வார்கள்? ஐஸ் போட்டு வைப்பார்கள். கரண்டுக்கு அந்த ஐஸ் பெட்டிதான் சுலபமாகக் கிடைப்பதில்லை. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு ஒன்று உண்டு. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இப்போது பெரிய பெரிய பாட்டரிகளையும் நாடு முழுக்க வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

மூன்றாவது வழி நம் வீட்டுக்குள் வருகிறது. 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது: வெயில் நேரத்தில் கட்டணம் பத்து முதல் இருபது சதவீதம் குறைவு, பீக் நேரத்தில் அதேபோல் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் விவசாயம் தவிர மற்றவர்களுக்கும் இப்படி என்பது ஏற்பாடு.

நியாயம்தான் என்று என் பி.காம். மூளை சொல்கிறது. ஐஸ் கம்பெனிக்காரர் பகலில் ஐஸ் பிடித்துக்கொள்ளலாம். அம்மா கிரைண்டரைப் பகல் பன்னிரண்டுக்கு ஓட்டலாம். ஆனால் எல்லோருக்கும் அது முடியாது. பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டில் சுவிட்சைப் போடுகிறவர் எந்த நேரத்துக்கு மாற்றிப் போடுவார்? பத்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சைக்கு வெயில் நேரத்தில் வந்து படிக்க முடியுமா? நேரத்தை நகர்த்த முடிந்தவனுக்குத் தள்ளுபடி; முடியாதவனுக்கு அபராதம் என்று ஆகிவிடக்கூடாது. ஒரு விளக்கு, ஒரு ஃபேன் அளவுக்காவது அந்த ஏழு மணி யூனிட்டைச் சந்தையின் வாயிலிருந்து காப்பாற்றித் தரவேண்டும். மிச்சத்துக்குப் போடுங்கள் விலை. நாங்களும் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறோம்.

அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஏழு மணி சீரியலைப் பகல் ஒரு மணிக்கு மாத்தச் சொல்லுடா. நாட்டுக்கே நல்லது" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் யாருக்கும் இது தோன்றவில்லை, பாருங்கள்!