வெயில் பூமியில் ஒரு ரப்பர் வளையம்



மதுரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் திருமங்கலத்தைக் கடந்து விருதுநகரை நெருங்கினால், வெயிலே இம்மண்ணின் மூலதனம் என்பதை உணர்வீர்கள். மழை குறைந்த இந்தக் காய்ந்த காற்றை நம்பியே, கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் சிவகாசியில் அத்தொழிலுக்கு வித்திட்டனர். பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னர் வளர்ந்தன. மருந்தை உலர்த்தும் அதே வெயில், பழைய மோட்டார் கார்களின் ரப்பரையும் உலர்த்திவிடுகிறது. கடலோரத்தில் காருக்குப் பகை துரு என்றால், இங்கே வெயில்.

விருதுநகர்ப் பட்டறை ஒன்றில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றைக் கண்டேன். 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான வண்டி அது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பந்தயச் சாயல் காரான ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கியே 1962-இல் உருவானது. அத்தகைய வண்டியின் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த 'பீடிங்' ரப்பர் கருவாடு போல் வெடித்திருந்தது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி எளிதில் கிடைக்காது.

முதியவரான மெக்கானிக் பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்தெடுத்தார். தகட்டின் விளிம்பிலிருந்த பசையையும் துருவையும் சுரண்டி, வர்ணம் பூசி உலர விட்டார். புதிய ரப்பரைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தார். ரப்பரைக் கெடுத்த வெயிலே இப்போது அதை இளக்கித் தந்தது! பின்னர் அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, வெளிப்பள்ளத்தில் நைலான் கயிற்றைப் பதித்து, அதன் இரு முனைகளையும் அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்புறம் தொங்கவிட்டார். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டுமே. எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன ஊராயினும் இங்கு எண்ணெய் ஆகாது. அது ரப்பரை உப்பச் செய்துவிடும்.

உதவியாளர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, பெரியவர் உள்ளே அமர்ந்து கயிற்றை மெல்ல இழுத்தார். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி அமர்ந்தது. மூலைகளில் கை இன்னும் நிதானமாயிற்று. அங்கே அவசரப்பட்டால் கண்ணாடி கீறிவிடும். இறுதியில் குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் பழைய வாகனம் இருக்கக்கூடும். அதனை நிழலில் நிறுத்துங்கள். கோடை முடிந்ததும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். கடினமாகவோ வெடிப்பாகவோ இருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கண்ணில் படாத அந்த வளையமே கண்ணாடியைத் தாங்குகிறது; மழைநீர் உட்புகுந்து தகட்டை அரிக்காமலும் காக்கிறது. வேலையை ஒப்படைக்கும்போது, "இன்று மாலைக்குள் வேண்டும்" என்று மட்டும் நெருக்காதீர்கள். நிதானம் இவ்வேலையில் பாதிக் கருவி.