காப்பும் ஈடும்

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பாடம் சொல்லப் புகும்போதெல்லாம் பத்துப் பருவங்களின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டே தொடங்குவது எமது வழக்கம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொதுவானவை. எஞ்சிய மூன்றே ஆண்பாற்கும் பெண்பாற்கும் வேறுபடுபவை. தமிழ் முஸ்லிம் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் யாத்துச் சிறப்பித்துள்ளனர். குழந்தை கை கொட்டுவதும், அழைத்தால் வருவதும், வானத்து நிலவைக் காட்டினால் நோக்கி மகிழ்வதும் நம் புலவர் பெருமக்கள் கண்ணாரக் கண்டு பாடிய வளர்ச்சிப் படிகள் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் விளக்கி வந்தோம். அப்படிகள் நம் வீட்டுப் பிள்ளைக்கும் உரியவை என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தோமில்லை.

எம் மகன் 2019ஆம் ஆண்டு பிறந்தான். இரண்டரை வயதிலும் பேச்சு வரவில்லை. “ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசுவான், உன் மாமனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்று மாமியார் தம் மகளைத் தேற்றினார். 2022ஆம் ஆண்டின் நடுவில் குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் இரண்டே வினாக்களை முதலில் கேட்டார். “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? எதையாவது விரலால் சுட்டிக் காட்டுகிறானா?”

யாம் விடையிறுக்க இயலாது அமர்ந்திருந்தோம். முதல் வினா வாரானைப் பருவம். இரண்டாம் வினா அம்புலிப் பருவம். பல்லாண்டுக் காலம் பாடம் சொன்னவர்க்குத் தம் பிள்ளையிடம் அவ்விரண்டும் இல்லாமை புலப்படவில்லை. ஆய்வுகள் முடிந்து, ‘ஆட்டிசம்’ என்று எழுதித் தந்தார்கள். மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கப்படும் இந்நிலையை 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் வரலாற்றைக் கொண்டு விரித்துரைத்தார். அதன்பின் நெடுங்காலம் தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்னும் பழி தாய்மார்மீது சுமத்தப்பட்டது. அப்பழி பொய்யென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் எம் துணைவியார் அப்பழியைப் பல இரவுகள் தாமே தம்மீது சுமத்திக்கொண்டு கண்ணயராதிருந்தார்.

மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. பேச்சுப் பயிற்சி, புலன்களையும் கைத்திறனையும் சீராக்கும் செயல்வழிப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றை எழுதினார். வாரத்திற்கு மூன்று அமர்வுகள். இளம் வயதிலேயே தொடங்க வேண்டும். இடைவிடாது தொடர வேண்டும் என்றார். அமர்வு ஒன்றுக்கு 600 ரூபாய். வாரத்திற்கு 1,800, ஓராண்டின் 52 வாரங்களுக்கு 93,600 ரூபாய். பேருந்துச் செலவும் துணைவியார் விட்டுவிட்ட வேலையின் ஊதியமும் இக்கணக்கில் சேரா. எனினும் யாம் அஞ்சவில்லை. நான்கு ஆண்டுகளாகக் குடும்பத்திற்கு மருத்துவக் காப்பீடு கட்டி வந்தோம். ஒரு ரூபாயும் திரும்பக் கேட்டதில்லை. இப்போது அது கைகொடுக்கும் என்று உறுதியாக நம்பினோம்.

ஆறு மாதத்தில் 72 அமர்வுகள் முடிந்தன. 43,200 ரூபாய்க்குரிய பற்றுச்சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கி, மருத்துவரின் கடிதத்தோடு இணைத்து அனுப்பினோம். இரண்டு வாரத்தில் மறுப்பு வந்தது. நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்படவில்லை. வெளிநோயாளிச் சிகிச்சை இவ்வொப்பந்தத்தில் அடங்காது. இவ்வளவே அக்கடிதத்தின் சாரம்.

அன்றிரவுதான் அவ்வொப்பந்தத்தை முதன்முதலாகப் படித்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரு செய்யுளுக்கு மூன்று உரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமுடைய யாம், நான்கு ஆண்டுகள் பணம் கட்டிய ஓர் ஆவணத்தின் முதற்பக்கத்தைத் தவிர வேறெதையும் புரட்டியதில்லை. முகவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டிருந்தோம். படித்து முடித்தபோது சினம் அடங்கி நாணமே மிகுந்தது. நிறுவனம் எம்மை ஏமாற்றவில்லை. தான் தருவதாகச் சொல்லாத ஒன்றைத் தரவில்லை, அவ்வளவுதான்.

இங்கு ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டிலை அளவுகோலாகக் கொண்டு அமைந்தது. தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாகத் தங்குவதே அதன் பொது விதி. ஒரே நாளில் முடியும் சில அறுவைகளுக்கும் சிகிச்சைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆட்டிசம் உடைய குழந்தைக்கோ கட்டில் வேண்டுவதில்லை. அதற்கு வேண்டியவை ஒரு சிறு பாய், சில பொம்மைகள், பொறுமையுள்ள பயிற்றுநர் ஒருவர், வாரந்தோறும் தவறாத சில மணி நேரங்கள். கட்டிலுக்கு விலை தரும் ஒப்பந்தம் மணிக்கணக்குக்கு விலை தராது. எம் தொல்லை முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கிவிட்டது.

சட்டம் துணைநிற்காதா என்று நண்பர்கள் வினவினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எவ்வடிப்படையில் காப்பீடு வழங்கப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு நிறுவனங்களைப் பணிக்கிறது. பெரிதும் பாராட்டத்தக்க விதி. எனினும் ஆட்டிசம் மனநோய் அன்று. மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு நிலை. அவ்விதியை இதற்கும் நீட்டிப் பொருள்கொண்டாலும், உடல்நோய்க்கே வெளிநோயாளிச் செலவு தராத ஒப்பந்தத்தில் சமத்துவம் என்பது வெறுங்கட்டிலின் சமத்துவமே ஆகும்.

இடைப்பட்ட மாதங்களில் வாரத்திற்கு மூன்று அமர்வுகளை ஒன்றாகக் குறைத்தோம். மகன் கற்றிருந்த கையசைப்புகள் சில மறைந்தன. இரவு உறக்கம் குலைந்தது. ஒரு நாள் துணைவியார் தம் கைக்காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இதை வச்சுப் பணம் வாங்கிட்டு வாங்க. நகை பின்னாலும் வாங்கலாம்; அவனோட வயசு திரும்பி வராது” என்றார். காப்பை ஈடு வைத்துத் திரும்பும் வழியில் காப்பீடு என்னும் சொல்லின் புணர்ச்சி இலக்கணம் எமக்கு வேறு வகையாய் விளங்கிற்று.

வழி காட்டியவர் எமக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு தாய். பயிற்சி மையத்தின் விசிப்பலகையில் துணைவியாரின் அருகே நாள்தோறும் அமர்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் சரக்குந்து ஓட்டுபவர். “ஏன்க்கா, நீங்க இன்னும் நிராமயா போடலையா?” என்று அவர் கேட்டாராம். நிராமயம் என்னும் வடசொல்லுக்கு நோயின்மை என்று பொருள் சொல்ல எமக்குத் தெரியும். அப்பெயரில் ஒரு காப்பீடு இருப்பது தெரியாது. அவருக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. அதனால் விளையும் பயன் தெரியும்.

நடுவண் அரசு 1999ஆம் ஆண்டு இயற்றிய தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு நிலைகளில் உள்ளோரின் நலனுக்காக எழுந்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கூறிய ஏழு வகைகளில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்று, ஆட்டிசத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. தேசிய அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றே நிராமயா. ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை காப்பளிப்பது. சேருமுன் மருத்துவச் சோதனை கிடையாது. முன்பே உள்ள குறை என்று தள்ளிவைப்பதும் கிடையாது. மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சையும், தொடர்ந்து பெறும் பயிற்சிகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு செலவு வகைக்கும் அந்த ஓர் இலட்சத்திற்குள் தனித்தனி வரம்பு உண்டு. ஆதலின் முழுத்தொகையும் பயிற்சிக்கே கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. முதலில் நாம் செலவிட்டுப் பின்னர் உரிய சீட்டுகளைக் காட்டியே பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

சேர்வதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இன்றியமையாதது. இச்சான்றிதழைப் பெறவே யாம் ஓராண்டுக் காலம் தயங்கினோம். பிள்ளையின் நெற்றியில் ஊனமென்று எழுதி ஒட்டுவதாக உறவினர் கூறினர். எமக்கும் அவ்வச்சம் இருந்தது. அரசு மருத்துவமனையில் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையைக் கொண்டு 40 கூறுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் இட்டனர். 70 முதல் 106 வரை இலேசான நிலை. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. சான்றிதழ் கைக்கு வந்தபோது மகன் மாறிவிடவில்லை. அவன் எப்போதும் போல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மூடியிருந்த சில கதவுகள் திறந்தன.

தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியே 500 ரூபாய் கட்டிச் சேர்ந்தோம். முதலாண்டில் எம் செலவில் ஒரு பகுதியே திரும்ப வந்தது. அப்பகுதி சில மாத அமர்வுகளைக் காத்தது. வாரம் ஒன்று என்றிருந்தது மீண்டும் இரண்டாயிற்று. சிறு தொகைதான், ஆயினும் பெற்றோர்க்கு அது பெரிய மூச்சு.

எம் பட்டறிவில் கற்றவற்றை இங்குத் தொகுத்துரைப்பது பிறர்க்குப் பயன்படும்.

காப்பீட்டு ஒப்பந்தத்தில் விலக்குகள் என்னும் பகுதியையே முதலில் படிக்க வேண்டும். வெளிநோயாளிச் சிகிச்சை உண்டா, பயிற்சிகள் அதில் அடங்குமா, அடங்கின் எத்தனை ரூபாய் வரை என்னும் மூன்று வினாக்களையும் எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெற வேண்டும். வாய்ச்சொல் ஒப்பந்தமாகாது. பிள்ளைக்கு முன்பே உள்ள நிலையை விண்ணப்பத்தில் மறைத்தல் கூடாது. மறைத்தால், கட்டிய பணமும் காப்பும் ஒருசேரப் போகும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கெனக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்றும் அவ்வாணையம் 2023 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. அத்தகையதை வாங்கும்போதும் மேற்சொன்ன மூன்று வினாக்களையும் கேட்டே வாங்க வேண்டும்.

பற்றுச்சீட்டில் நாள், குழந்தையின் பெயர், பயிற்சியின் பெயர், பயிற்றுநரின் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவெண் ஆகியவை இருத்தல் நலம். நேர்மையான கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், முதலில் அந்நிறுவனத்திற்கே எழுதி முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு கிட்டாவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. எம் வழக்கில் ஒப்பந்தமே இடந்தராமையால் யாம் அங்குச் செல்லவில்லை. நிராமயாவின் ஆண்டு மார்ச் 31ஆம் நாளோடு முடிவது. மறந்தால் காப்பு அறுந்துபோகும். அதன் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் சேரும் ஆண்டின் விதியைக் கேட்டறிதல் வேண்டும். பணமே இல்லாதவர்க்கும் வழியுண்டு. 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் அமைந்த தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இப்பயிற்சிகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. இம்மையத்தையும் யாம் அறிந்தது அந்த விசிப்பலகையில்தான்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலைப் படிக்கும் கண்ணோடு ஒப்பந்தத்தையும் படிக்கப் பழகுங்கள். உங்கள் தெருவில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை ஒன்று இருக்கலாம்; அதன் தாய்க்கு விண்ணப்பப் படிவத்தின் மொழி புரியாதிருக்கலாம். ஒரு மாலைப் பொழுது அருகமர்ந்து எழுதிக்கொடுங்கள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது “எல்லாம் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லி எழுந்துவிடாதீர்கள். சான்றிதழ் பெற்றாயிற்றா, மார்ச் மாதம் புதுப்பித்தாயிற்றா என்றும் கேளுங்கள். சான்றிதழ் பெறுவதில் இழிவில்லை என்பது உங்கள் வாயிலாக வந்தால் உறவினர் ஏற்பர்.

மகன் இப்போது பள்ளி செல்கிறான். பெயர் சொல்லி அழைத்தால், மூன்றாம் முறையில் திரும்புகிறான். நிலவைச் சுட்டுவதில்லை, தண்ணீர் வேண்டுமாயின் குவளையைச் சுட்டுகிறான். பிள்ளைத்தமிழ் வகுப்பில் இன்றும் பத்துப் பருவங்களையும் எழுதிவிட்டே தொடங்குகிறோம். ஆனால் மாதக் கணக்கைச் சொல்லும் இடத்தில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதத்தில் ஒரே படியை எட்டுவதில்லை என்பதையும், எட்டாத பிள்ளையைக் காக்கும் கடமை பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். துணைவியாரின் காப்பு இன்னும் மீட்கப்படவில்லை. அமர்வுகள் நிற்கவில்லை.