முன்பக்கக் கொக்கி

என் இடது கை முதுகுக்குப் பின்னால் வளையாது. 2009இல் வன்னியில் தோளில் பட்ட செல் துண்டு அப்படி ஆக்கிவிட்டது. மற்ற வேலைகளை வலது கையால் சமாளித்துக்கொள்வேன். முதுகில் கொக்கி மாட்டும் பாடியை மட்டும் தனியே போட முடியாது. முகாமில் பக்கத்துக் கூடாரத்து மாமி மாட்டிவிட்டார். அப்புத்தளைக்கு வந்தபின் மகள் மாட்டிவிட்டாள். பத்து வயதுப் பிள்ளையிடம் தினமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சகோதரிகளே, பாடி தைக்கப் பழகியது இதற்காகத்தான்.

1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இந்தத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. யுத்தம் முடிந்து பெரியம்மாவின் லயத்துக்கே நான் திரும்பி வந்தேன். அவரிடம் பழைய கால் மெசின் ஒன்று இருந்தது. சட்டையும் பாவாடையும் தைக்க எனக்கு முன்பே தெரியும். பாடி வேறு வேலை.

அடுத்த லயத்து அக்கா ஒன்பது வருடம் கட்டுநாயக்காவில் இருந்தவர். 1978இல் தொடங்கிய அந்த வர்த்தக வலயத்துக்கு நம் மலையகப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் கார்மெண்டில் முழு உடுப்பையும் ஒருவரே தைப்பதில்லை. கிண்ணத்தின் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் இணைப்பதுதான் அக்காவின் வேலை. அதை எனக்குக் காட்டித்தந்தார். மீதியை, பழைய பாடி ஒன்றின் தையலைப் பிரித்துப் பார்த்து இருவருமாகப் படித்தோம்.

இரண்டு அளவு வேண்டும்: மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பு நிறைந்த இடத்தில் ஒரு சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிண்ணம். கிண்ணத் துண்டுகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நடுக்குறியை முதலில் ஊசியால் பிடித்து, இரு பக்கமும் மெதுவாக வளைத்துக்கொண்டு போகவேண்டும். கீழ்ப்பட்டியைத் துணியின் நெடுக்கு இழையில் வெட்டினால் இழுபடாது. பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பட்டிதான், தோள்வார் அல்ல. நாள் முழுதும் கொழுந்து சுமக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பருத்தித் துணியை வெட்டுமுன் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கட்டும்.

வெள்ளைக்காரப் பெண்கள் ஒரு காலத்தில் திமிங்கல வாயிலிருந்து எடுத்த தகடு வைத்த கோர்செட்டுக்குள் இடுப்பை இறுக்கிக் கட்டினார்கள். அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் இரண்டு கைக்குட்டைகளையும் நாடாவையும் சேர்த்து ஒன்று தைத்தார். 1914இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கைக்குட்டையே போதுமென்றால் நமக்குப் பொப்ளின் போதாதா?

கடையில் விற்கும் ஸ்பொஞ்ச் வைத்த பாடி இங்கே சரிவராது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பனிமூட்டத்திலும் அது காய்வதே இல்லை. அதிலும் நாம் அதைத் துவாயின் கீழே மறைத்தல்லவா காயப்போடுகிறோம்! இரண்டு மடிப்புப் பருத்தி அடுப்படியில் ஓர் இரவில் காய்ந்துவிடும்.

நான் தைப்பதில் கொக்கி முன்பக்கம். பெரிய கொக்கி நான்கு, ஒரு கையாலேயே மாட்டலாம். முதலாவதை நானே போட்டுக்கொண்டேன். பிறகு தோள்வலிக்காரர் இருவர் வந்தார்கள். இப்போது, புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்த ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு உட்புறம் ஒரு பை வைத்து, பாடி மேலேறாதபடி அதற்குள் கொஞ்சம் பாரமும் வைக்கவேண்டும். அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமை, சந்தை முடிந்ததும் வரச்சொல்லியிருக்கிறேன்.