இறுகிய ரெசினுக்குள் நெகிழும் துகள்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்சாலை ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. அங்கே கரண்ட் டிரான்ஸ்பார்மர் வார்க்கிறார்கள். மின்கம்பியில் பாயும் பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி அது. பட்டறையில் எல்லோரும் ‘சி.டி.’ என்கிறார்கள். கம்பி சுற்றிய ‘கோர்’ என்னும் இரும்பு உள்ளகத்தை அச்சுக்குள் நிறுத்தி, எப்பாக்சி ரெசின் ஊற்றி, ஓவனில் இறுக வைத்தால் சி.டி. தயார். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டிய அந்த உடம்பில் சில வேளை மெல்லிய விரிசல் ஓடிவிடுகிறது. அது ஏன் வருகிறது, அதைத் தடுக்க ரப்பர் எப்படி உதவுகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

வைண்டிங் மேசைகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வளையக் கோரின் மேல் கம்பியைச் சுற்றி, டேப் வரிந்து, கடைசியாக மெத்தென்ற ஒரு படலத்தையும் சுற்றுகிறார்கள். எதற்கென்று கேட்டேன். “ரெசின் இறுகும்போது கோரை நெருக்கும் சார். நெருக்குனா அளவு மாறிடும். மெத்தை வைக்காத பீஸ் இந்த மேசையை விட்டுப் போகாது” என்றார் மூத்தவர்.

அடுத்த கூடத்தில் வார்ப்பு. ஈரம் போக உலர்த்திய குவார்ட்ஸ் பவுடரை ரெசினோடும் அதை இறுகவைக்கும் ஹார்டனரோடும் சேர்த்து, வாக்யூம் தொட்டியில் கலக்குகிறார்கள். தொட்டியின் கண்ணாடித் துளை வழியே நுரை பொங்குவது தெரிந்தது. வார்ப்புத் தொழிலாளி அங்கிருந்து பார்வையை எடுக்கவில்லை. ஒரு குமிழி உள்ளே தங்கினாலும், உயர் மின்னழுத்தத்தில் அங்கே சிறு மின்பொறிகள் கிளம்பி, காப்பை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். நுரை அடங்கிய பிறகே, சூடாக்கி வைத்த அச்சுக்குள் கலவை இறங்குகிறது.

விரிசலுக்குக் காரணம் சூடும் குளிரும்தான். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் செம்பு சுமார் 17 மைக்ரான் நீள்கிறது. இரும்பு சுமார் 12. வெறும் எப்பாக்சியோ 60 மைக்ரான் அளவுக்கு நீள்கிறது. குவார்ட்ஸ் பவுடர் அதை ஏறத்தாழ பாதியாக்கும். அப்போதும் உலோகத்தோடு ஒத்துப்போகாது. 130 டிகிரி ஓவனிலிருந்து வெளியே வந்து ஆறும்போது ரெசின் அதிகம் சுருங்குகிறது, உள்ளிருக்கும் உலோகம் குறைவாகச் சுருங்குகிறது. அந்த இழுபறி, கூர்மையான மூலைகளில் குவிகிறது.

இதைக் கண்ணால் காண ஒரு சோதனை வைத்திருக்கிறார் ஃபோர்மேன். சிறு கிண்ணத்தில் ஓர் அறுகோண நட்டை வைத்து ரெசின் ஊற்றி இறுக்குகிறார். பிறகு சூட்டிலும் ஐஸ் தண்ணீரிலும் மாற்றி மாற்றிப் போடுகிறார். வெறும் ரெசினில் வார்த்த வில்லையில் நட்டின் மூலையிலிருந்து விரிசல் நேராக விளிம்புவரை ஓடியிருந்தது. ரப்பர் சேர்த்த வில்லை முழுசாக இருந்தது. “கெட்டியா இருந்தா மட்டும் போதாது சார், தாங்கணும்” என்றார்.

ரப்பர் சேர்க்கும் இந்த வித்தை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபிரெடரிக் மெக்கேரி குழுவினரின் ஆய்வுகளால் வேரூன்றியது. பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் திரவ ரப்பரை அவர்கள் எப்பாக்சியில் கரைத்தார்கள். ரெசின் இறுக இறுக, கரைந்திருந்த ரப்பர் தனியே பிரிந்து, சில மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாகத் திரள்கிறது. ஃபோர்மேன் காட்டிய மாதிரிப் பட்டைகளில் இதன் தடயம் இருந்தது: வெறும் ரெசின் பட்டை தெளிவாக இருக்க, திரவ ரப்பர் சேர்த்தது பால் நிறத்தில் மங்கியிருந்தது.

விரிசல் முனை நெருங்கும்போது இந்த உருண்டைகளுக்குள் வெற்றிடம் திறக்கிறது. அதனால் சுற்றியுள்ள ரெசின், உடைவதற்குப் பதிலாகச் சற்றே நழுவி உருமாற இடம் கிடைக்கிறது. விரிசலை முன்தள்ளும் ஆற்றலின் பெரும்பகுதி அந்த உருமாற்றத்தில் செலவாகிறது. முறிவைத் தாங்கும் திறன் பத்து மடங்குக்கும் மேல் கூடிய சேர்மானங்கள் உண்டு. ஆனால் மூலக்கூறுகள் மிக நெருக்கமாகப் பின்னிய ரெசினில் நழுவவே இடமில்லை; அங்கே ரப்பரின் பலன் குறைவு.

திரவ ரப்பரில் கொஞ்சம் பிரியாமல் ரெசினிலேயே தங்கிவிட்டால், வெப்பம் தாங்கும் திறன் இறங்கும். அதனால் இப்போது முன்கூட்டியே உருவாக்கிய துகள்களும் வருகின்றன: உள்ளே ரப்பர், வெளியே ரெசினோடு ஒட்டும் ஓடு. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளவையும் இவற்றில் உண்டு. ரெசினில் பரப்பிய நிலையிலேயே இவை டின்னில் கிடைக்கின்றன. விலை அதிகம். கலவையும் தடிக்கிறது, நுரை அடங்கத் தாமதமாகிறது. எடை பிசகாமல் அளப்பது, கலவையின் சூட்டைக் காப்பது, நுரை அடங்கும்வரை பொறுப்பது ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் விலை உயர்ந்த துகளால் பயனில்லை. ஆய்வுக்கூடம் கண்டதைப் பொருளாக்குவது இந்தக் கூடத்தின் கவனமும் பொறுமையும்தான்.

அதனாலேயே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த வார்ப்பில் பயன்படும் அன்ஹைட்ரைடு ஹார்டனரின் ஆவி, சுவாசக் குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கி ஆஸ்துமாவில் கொண்டுவிடக்கூடியது. இறுகாத எப்பாக்சி தோலில் பட்டுப்பட்டு அரிப்பும் புண்ணும் வரும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் உடம்பு தாங்காது. கைதேர்ந்த தொழிலாளி தொழிலையே விட நேரும். நான் பார்த்தபோது சிலர் கையுறை அணிந்திருந்தார்கள். ஆவிக்கேற்ற முகக்கவசம் ஒருவரிடமும் இல்லை. ரெசின் விரிசல் விடாதிருக்க விலை கொடுத்துத் துகள் வாங்கும் முதலாளிகள், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக்கும் நல்ல முகக்கவசத்துக்கும் அதே கணக்கில் பணம் ஒதுக்க வேண்டும். நுரை அடங்கும்வரை தொட்டியருகே நிற்பவரின் நுரையீரல் கெட்டால், அதைச் சரிசெய்ய எந்தச் சேர்மானமும் கிடையாது.