படிவத்தில் பூச்சியம்

“குடும்பத்துக்கு ஏற்ற கார்” என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அந்தக் குடும்பத்தில் யார், எங்கே, ஒரு நாளில் எத்தனை தடவை ஓடுகிறார் என்று அவை கேட்பதில்லை. ஸ்காபரோவில் எங்கள் பழைய கார் ஓய்ந்துபோனபோது அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

என் கணவர் ரயிலில் வேலைக்குப் போகிறவர். வார நாட்களில் காரை ஓட்டுவது நான். ஆனாலும் எங்கள் வீட்டில் கார் பற்றிய கதை மொன்ரியலில்தான் தொடங்கும். வருடத்தில் மூன்று தடவை அங்கேயுள்ள மச்சாள் வீட்டுக்குப் போவோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 540 கிலோமீற்றர். “நீர் இஞ்ச கிட்டத்தானே ஓடுறனீர். மொன்ரியலுக்கு எது தோதெண்டு பாப்பம்,” என்றார்.

கார் விற்கும் இடத்திலும் அதே கதைதான். வேலைக்குப் போய்வர நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று விற்பனையாளர் அவரிடம் கேட்டார். ரயிலில் போகிறேன் என்றார் இவர். படிவத்தில் பூச்சியம் விழுந்தது. என்னுடைய ஓட்டத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அடுத்த இரண்டு கிழமையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மகளின் பள்ளிக்கூடம், மாமியின் முதியோர் பகல் நிலையம், என் வேலைத்தலம், மருந்துக்கடை, மறுபடி மாமி, மகனின் நீச்சல் வகுப்பு, தமிழ்க்கடை, வீடு. சாதாரணமான ஒரு நாளில் எட்டு இடம், 42 கிலோமீற்றர். கூடிய நாளில் 47. போக்குவரத்து ஆய்வாளர்கள் இதைப் பயணச் சங்கிலி என்கிறார்கள். பராமரிப்பு வேலை யாருடைய தலையில் இருக்கிறதோ அவர்களுடைய பயணங்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு போகும். உலகெங்கும் அது பெரும்பாலும் பெண்கள்தான்.

அந்த 42தான் எங்களுக்குக் காரைத் தெரிவு செய்தது. பிளக்-இன் ஹைபிரிட் முதலில் பற்றரியில் ஓடும், பற்றரி இறங்கினால் பெற்றோல் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். என் நாள் முழுக்க மின்சாரத்தில், மொன்ரியல் பெற்றோலில். ரொயோட்டா ராவ்4 பிரைம் 68 கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடும் என்றார்கள், ஆனால் ஐந்து இருக்கைதான். கிரைஸ்லர் பசிபிக்கா ஹைபிரிட்டுக்கு 50க்குச் சற்று மேல், ஏழு இருக்கை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. பற்றரி தரைக்கடியில் இருப்பதால் அதன் நடு இருக்கைகளை மடக்கித் தரைக்குள் புதைக்க முடியாது. முழங்கால் நோவோடு இருக்கும் மாமியையும் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொன்னேன். “பிள்ளை, படி பதிவாய் இருந்தால் எனக்குக் காணும்,” என்றார். பசிபிக்காவையே எடுத்தோம். கடுங்குளிரில் பற்றரி ஓடும் தூரம் குறையும், உள்ளே சூடாக்கவே எஞ்சின் தொடங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எடுத்தோம்.

இந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு இரவும் யாராவது சார்ஜ் போட்டால்தான் அது சொன்னபடி நடக்கும். போடாவிட்டால் கனத்த பற்றரியையும் சுமந்துகொண்டு பெற்றோலில்தான் ஓடும். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த வகைக் கார்கள் வீதியில் வெளிவிடும் கார்பன் டையொக்சைட் ஆய்வுகூட அளவைப் போல சராசரியாக 3.5 மடங்கு. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடாதது அதற்கு ஒரு முக்கிய காரணம். குசினியைத் துடைத்து, கதவைப் பூட்டி, பால் உறைகுத்தி வைக்கிறவளின் கடைசி வேலையாக இதுவும் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. “இந்தக் கார்தான் எண்டால், சார்ஜ் போடுறது உங்கட வேலை,” என்று வாங்குவதற்கு முன்பே சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

மின்கட்டணத்திலும் இதே கேள்வி வந்தது. ஒன்ராறியோவில் 2023இல் ஒரு புதுத் திட்டம் வந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு. ஆனால் வார நாட்களில் பின்னேரம் 4 முதல் இரவு 9 வரை அதன் விலை, தொடங்கிய காலத்தில், இரவு விலையைப் போல பத்து மடங்கு. எங்களுடையது மின் அடுப்பு. அந்த ஐந்து மணித்தியாலமும் என் சமையல் நேரம். காருக்கு மிச்சம் பிடித்து அடுப்புக்குக் கட்டுவதா? இரவு ஏழு மணிக்கே விலை குறையும் பழைய திட்டத்திலேயே நின்றுவிட்டோம்.

கார் இருவர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. கடன் இருவர் சம்பளத்திலிருந்தும் போகிறது. கொப்பியைப் படித்த பிறகு, புதன்கிழமை நீச்சல் வகுப்புக்கு மகனைக் கூட்டிப்போவதை அவர் எடுத்துக்கொண்டார். நான் அதற்காகக் கேட்கவில்லை. எட்டு இடங்களையும் வரிசையாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான். “கிட்டத்தானே” என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

கார் பார்க்கப் போகும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எஞ்சினைப் பற்றிப் படிக்க முன்னர் உங்கள் இரண்டு கிழமையை எழுதிப் பாருங்கள். பிறகு அந்தப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.